பழைய வீடியோ டெக் வாங்குமுன்: உப்புக் காற்று ஊருக்கான சோதனை

புது விசிஆர், அதாவது வீடியோ கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்யும் டெக், இனி வராது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்க்கவோ கணினியில் ஏற்றவோ, யாரோ வைத்திருந்த டெக்கைத்தான் வாங்க வேண்டும். தொண்டி முதல் பாம்பன் வரை உள்ள இந்தக் கரையில், மதுரைக்காரர் பார்ப்பதுபோல வெளியே பளபளப்பு, கம்பெனிப் பெயர், ‘படம் ஓடுது’ என்பதோடு முடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இங்கே டெக்கைத் தின்பது ஓட்டமல்ல, காற்று. ஆகவே மேல்மூடியைக் கழற்றவிடாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், டெக்கை டிவியில் இணைக்கும் ஏவி வயர், ஒரு முழு அட்டை, கிழிந்தாலும் வருத்தப்படாத ஒரு வீடியோ கேசட். கல்யாண கேசட் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் பின்பக்கத் தகடு. 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் சொருகியதும் புகைதான். அடுத்து, நம் ஊர்க் கேசட்டுகள் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறையில் பதிந்தவை (குடிக்கிற பால் இல்லை). கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த, பல முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் கிடைத்தால் கவலையில்லை. என்.டி.எஸ்.சி. என்ற வேறு முறை மட்டும் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். படம் உருளும், குரலும் கீச்சென்று வேகமாக ஓடும். வாடகைக் கடைக் காலத்தில் விசிபி என்று ஒன்று வரும். அது ஓட்டும், பதியாது. கேசட் பார்க்க மட்டும் என்றால் அதுவே போதும். நாலு ஹெட் (நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் நுண்முனை) என்று கூடுதல் விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படத்தை நிறுத்திப் பார்க்கவும், மெதுவான வேகத்தில் பதிந்த கேசட்டுக்கும்தான் அதன் பயன் தெரியும்.

இனி உள்ளே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பவர் சப்ளைப் பக்கம் கை போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கன்டென்சரில் மின்சாரம் நிற்கும். டார்ச் அடித்து நாடா போகும் வழியை மட்டும் பாருங்கள். நடுவில் சாய்ந்து நிற்கும் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைதான் ஹெட் டிரம். அதன் கீழ்விளிம்பிலும், இரு பக்கமும் நிற்கும் பளபளப்பான கம்பிகளிலும் ஊசிமுனை அளவு துருப்புள்ளி இருந்தாலும் நாடாவில் கீறல் விழும். வேண்டாம் என்று எழுந்துவிடலாம். மூடியின் உள்பக்கத் துரு, ஸ்க்ரூ தலைத் துரு பெரிய விஷயமில்லை. சர்க்யூட் போர்டில் பச்சை பூத்திருந்தால், இன்று ஓடினாலும் அடுத்த மழைக்காலத்துக்கு உத்தரவாதமில்லை.

பிறகு ரப்பர். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் மங்கிய கறுப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல மின்னினால் இறுகிவிட்டது. நாடாவின் ஓரத்தை மடித்துச் சுருக்கும். ரீலைச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வழுக்கினால், படம் நாலைந்து விநாடி ஓடி நின்றுவிடும், அல்லது கேசட் வெளியே வரும்போது நாடா ஒரு வளையமாய் உள்ளே தொங்கும். ‘டெக் கேசட்டைத் தின்னுது’ என்பது பெரும்பாலும் இதுதான். பெல்ட்டும் ஐட்லரும் மாற்றக்கூடியவை, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ரப்பரை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுப்பார்கள். அது சில நாளைக்குத்தான்.

ஓட்டிப் பார்க்கையில் நிழலில் வையுங்கள், திறந்த பகுதியை அட்டையால் மறையுங்கள். நாடா முடிவதைக் கண்டறியும் சென்சார்கள் ஒளியை வைத்து வேலை செய்பவை. நம் கடற்கரை வெயில் உள்ளே அடித்தால் நல்ல டெக்கும் கேசட்டை வாங்காமல் துப்பும். ஏசி காரில் கொண்டுவந்த டெக்கை உடனே போட்டால் டிரம்மில் ஈரம் பூத்திருக்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

கேசட்டை ஐந்தாறு முறை போட்டு எடுங்கள். பாதியில் தயங்கி, முனகி, திரும்பி வந்தால் உள் இயக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று டெக்குக்குச் சொல்லும் மோட் ஸ்விட்சின் காண்டாக்ட் கறுத்திருக்கும். இந்தக் கரையில் அடிக்கடி வரும் கோளாறு இது. சுத்தம் செய்தால் தீரும், ஆனால் பிரித்து மாட்டத் தெரிந்த கை வேண்டும். முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நடுவில் தளரக் கூடாது, கடைசியில் தானாக நிற்க வேண்டும்.

படத்தில் தெரிவதையும் படிக்கலாம். திரை முழுக்கப் புள்ளி, ஒலி மட்டும் சரி என்றால் ஹெட்டில் அழுக்கு. மேலோ கீழோ மட்டும் நிலையான கோடு என்றால் வழிகாட்டும் கம்பியின் உயரம் மாறியிருக்கிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். மேல்விளிம்பு மட்டும் வளைந்தால் நாடாவின் இறுக்கம் சரியில்லை. ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைத் திருப்பினால் நகரும் கோடு கோளாறே இல்லை.

ஹெட்டைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு தடித்த வெள்ளைத் தாள். பிளக்கைப் பிடுங்கி, நனைத்த தாளை டிரம்மில் மெதுவாக ஒட்டிப் பிடித்து, டிரம்மின் மேல்தலையைக் கையால் சுற்றுங்கள். தாள் அசையக் கூடாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை உடையும். பஞ்சு வைத்தாலும் நார் மாட்டி அதே கதிதான். பத்து நிமிடம் காயவிட்டு ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் புள்ளி போகாவிட்டால் ஹெட் தேய்ந்துவிட்டது. அந்த டெக் உதிரிபாகத்துக்குத்தான் ஆகும்.

பதிவும் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸிலிருந்து இரண்டு நிமிடம் பதிந்து அதே டெக்கில் ஓட்டுங்கள். கேசட் பதிய மறுத்தால் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும்; அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாண கேசட்டின் சன்னல் வழியே டார்ச் அடியுங்கள். நாடாச் சுற்றில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூசணம். போட வேண்டாம். நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும் டிரம்மில் அந்தப் பொடி நொடியில் ஹெட்டை அடைக்கும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்து, காய்ந்த பிறகு பழுது பார்ப்பவரிடம் தனியாகத் துடைக்கக் கொடுங்கள்.