காஸ்ட்லி ஐஸ் பாக்ஸா, தெர்மாகோல் பெட்டியா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

மீன் கடையில் பார்க்கும் தெர்மாகோல் பெட்டி சில நூறு ரூபாய். பாலியூரித்தேன் நுரை அடைத்த கெட்டியான ஐஸ் பாக்ஸ் பல ஆயிரம். எது தேவலை என்று பார்க்க, இரண்டிலும் ஐஸ் போட்டு நாலு மணி நேரம் கழித்து பாட்டிலைத் தொட்டுப் பார்ப்போம். அநேகமாக இரண்டும் ஒரே மாதிரி சில்லென்றுதான் இருக்கும். உள்ளே ஐஸ் மிச்சமிருக்கும் வரை, அதை ஒட்டிய தண்ணீர் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். பெட்டியின் விலை அதற்குத் தெரியாது. அதனால் இந்தச் சோதனையில் தெர்மாமீட்டரை விடத் தராசுதான் முக்கியம்.

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகள், சமையலறைத் தராசு, வடிகட்டி, வாளி, ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிய ஐஸ். இவ்வளவு போதும்.

1. முந்தைய நாளே பெட்டியைக் குளிர வையுங்கள்

இதில்தான் நான் சறுக்கினேன். முதல் தடவை, பரணில் வெந்துகொண்டிருந்த விலையுயர்ந்த பெட்டியை எடுத்து அப்படியே ஐஸைக் கொட்டினேன். தடித்த சுவர் அல்லவா, அதில் தேங்கியிருந்த சூடே கணிசமான ஐஸைத் தின்றுவிட்டது. முதல் சில மணி நேரம் தெர்மாகோல்தான் முன்னால் நின்றது! இரண்டு பெட்டியிலும் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைத்து, காலையில் அதைக் கொட்டிவிட்டுத் துடைத்து ஆரம்பியுங்கள்.

2. பாட்டில்களும் ஃப்ரிட்ஜிலிருந்தே வரட்டும்

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர மட்டுமே சுமார் 375 கிராம் ஐஸ் கரையும். அது பெட்டியின் குற்றம் இல்லையே.

3. எடை போட்டு நிரப்புங்கள்

20 லிட்டர் பெட்டி என்றால் ஒவ்வொன்றிலும் 4 கிலோ ஐஸ், அரை லிட்டர் பாட்டில் ஆறு. ஐஸ் துண்டுகளின் அளவும் ஒன்றுபோல் இருக்கட்டும். பொடி ஐஸ் சீக்கிரம் கரையும்.

4. மூடிவிட்டு மறந்துவிடுங்கள்

இரண்டையும் நிழலில், ஒரே அறையில், வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். 12 மணி நேரம் திறக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதுதான் கஷ்டமான படி.

5. வடித்து அளந்து பாருங்கள்

உருகிய தண்ணீரை வடிகட்டி வழியாக வாளியில் ஊற்றி எடை போடுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உதாரணமாக 12 மணி நேரத்தில் 1.3 கிலோ உருகியிருந்தால், 1.3 × 334 = சுமார் 434 கிலோஜூல், அதாவது 4,34,000 ஜூல். அதை 12 மணி நேரத்தின் 43,200 விநாடிகளால் வகுத்தால், சுமார் 10 வாட் வெப்பம் உள்ளே கசிந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு விடிய விடிய எரிந்த மாதிரி. இந்த வாட் கணக்கை இரண்டு பெட்டிக்கும் போட்டால், ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சரி, தெர்மாகோல் தோற்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் ஓட்டை. விலை கூடிய பெட்டியில் இருக்கும் ரப்பர் பட்டை அந்த நோட்டைப் பிடித்துக்கொள்ளும். தெர்மாகோல் மூடியைச் சுற்றி அகலமான பேக்கிங் டேப் ஒட்டி, சோதனையை மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் குறைந்தால், நீங்கள் காசு கொடுப்பதில் ஒரு பங்கு நுரைக்கல்ல, அந்த ரப்பர் பட்டைக்கு.

ஒரு நாள் பயணம்தான் என்றால் டேப் ஒட்டிய தெர்மாகோலே எனக்குப் போதும். இரண்டு மூன்று நாள் தாங்க வேண்டும் என்றால் கெட்டிப் பெட்டியைத்தான் எடுப்பேன். இன்னொரு காரணமும் உண்டு: போன பயணத்தில் நாற்காலி பற்றாமல் மச்சான் தெர்மாகோல் பெட்டி மேல் உட்கார்ந்தார். அதை அளக்கத் தராசு தேவைப்படவில்லை.