மண் தொட்டியில் தீட்டிய பெயின்ட் உரியாமல் இருக்க

குழுவாக உட்கார்ந்து ஒரே மாலையில் தீட்டிய மண் தொட்டிகளில், செடி வைத்துத் தண்ணீர் ஊற்றிய சில வாரங்களிலேயே பெயின்ட் கொப்புளித்து உரியும். பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக உள்ளிருக்கும் ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்து, பெயின்டைத் தள்ளிவிடுகிறது.

உள்பக்கத்தை அடைத்த பிறகுதான் எனக்கு இது நின்றது. முதல் நாளே தொட்டியைக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, உள்ளே அக்ரிலிக் வார்னிஷ் 2 பூச்சு. அடித்துளை அடைபடக் கூடாது. வார்னிஷுக்குப் பதில் சிலர் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசுவார்கள். அது ஈரத்தில் இளகிவிடும், வேண்டாம். வெளியே 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் பூசுவது) 1 பூச்சு.

இவ்வளவும் முன்பே முடிந்திருந்தால் குழு கூடும் நேரத்தில் வண்ணம் மட்டும்தான் வேலை. அக்ரிலிக் பெயின்ட், மெல்லியதாக 2 பூச்சு. கோடு போட ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிப் பூச்சு லேசாக ஈரமாக இருக்கும்போதே உரித்தால் ஓரம் நேராக வரும். மறுநாள் வெளியேயும் வார்னிஷ்.

உள்ளே அடைத்த தொட்டியில் ஈரம் மெதுவாகவே வற்றும். மண்ணில் மணலோ தேங்காய் நார்த்துண்டுகளோ கூடுதலாகச் சேருங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.