வால்வு ரேடியோவில் ஃபிலமென்ட் இணைப்பு: தொடரா, பக்கமா?

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணிலிருந்து இறக்கப்படும் வால்வு ரேடியோவுக்கு உயிர் கொடுக்க நினைப்பவர், பிளக்கைச் சொருகுவதற்கு முன் வால்வுகளின் மேல் அச்சிட்டுள்ள பெயரை வாசிக்க வேண்டும். வால்வுக்குள் சூடேறும் கம்பியான ஃபிலமென்ட்டை எப்படி இணைப்பது என்பதை அது சொல்லும்: எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டில் அருகருகே இணைப்பது பக்க இணைப்பு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது தொடரிணைப்பு. பிலிப்ஸ் வகைப் பெயர்களில் முதல் எழுத்து 'இ' என்றால் அது பக்க இணைப்புக்கான 6.3 வோல்ட் வால்வு. 'யு' என்றால் தொடரிணைப்புக்கான 100 மில்லி ஆம்பியர் வால்வு. பக்க இணைப்பில் எல்லா வால்வுக்கும் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் வேறுபடலாம். தொடரிணைப்பில் ஆம்பியர் ஒன்றாக இருக்க வேண்டும், வோல்ட் வேறுபடலாம்.

இசிஎச்81, இபிஎஃப்89, இசிஎல்82, இஇசட்80 என நான்கு வால்வு உள்ள செட்டில் முறையே 0.3, 0.3, 0.78, 0.6 ஆம்பியர் சேர்ந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடும். ஆகவே டிரான்ஸ்பார்மரின் 6.3 வோல்ட் சுற்று அதைத் தாங்க வேண்டும். வயரும் தடிமனாக இருக்க வேண்டும். இரண்டு வயரையும் முறுக்கி, சேஸிஸின் (வால்வுகள் பொருத்திய உலோகச் சட்டத்தின்) மூலையை ஒட்டிக் கொண்டுபோனால் இரைச்சல் குறையும். உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் இருந்த செட்டானால் சாக்கெட்டில் களிம்பு பிடித்திருக்கும். அங்கே அரை ஓம் தடை சேர்ந்தாலே இசிஎல்82-க்கு 0.4 வோல்ட் குறைந்துவிடும். அதே அரை ஓம் யு வகைச் செட்டில் ஒரு பொருட்டே அல்ல.

இசிசி83 வால்வு இரண்டு முறைக்கும் இடங்கொடுக்கும். 4, 5 ஆம் பின்களுக்கு இடையே 12.6 வோல்ட் கொடுத்தால் 150 மில்லி ஆம்பியர் எடுக்கும். அவ்விரண்டையும் சேர்த்து, 9 ஆம் பின்னுக்கு எதிராக 6.3 வோல்ட் கொடுத்தால் 300 எடுக்கும்.

யு வகைச் செட்டில் யுசிஎச்81-க்கு 19, யுபிஎஃப்89-க்கு 19, யுசிஎல்82-க்கு 50, யுஒய்85-க்கு 38 என மொத்தம் 126 வோல்ட் ஆகும். 230-இல் மீதி 104 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் விழுங்க வேண்டும்: 104-ஐ 0.1 ஆல் வகுத்தால் 1040 ஓம், வெப்பம் 10.4 வாட். 25 வாட் வயர்வவுண்டுக்குக் (கம்பி சுற்றிய ரெசிஸ்டருக்கு) குறைந்து போடக்கூடாது. வரிசையும் முக்கியம்: மின்சாரம் நுழையும் பக்கம் ரெசிஸ்டரும் யுஒய்85-உம், டிடெக்டர் (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) உள்ள யுபிஎஃப்89 சேஸிஸை ஒட்டிய கடைசியிலும் இருந்தால்தான் இரைச்சல் அடங்கும். குளிர்ந்த ஃபிலமென்டின் தடை மிகக் குறைவாகையால் தொடக்கத்தில் மின்சாரம் அதிகமாகப் பாயும். அதைத் தடுக்க, வரிசையில் ஒரு தெர்மிஸ்டரும் (சூடேறச் சூடேறத் தடை குறையும் உறுப்பு) சேர்ப்பது நல்லது.

ஆனித் திருவிழாச் சீரியல் விளக்கைப்போல, இதில் ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். பிளக்கைக் கழற்றி, வால்வுகளை எடுத்து, 4, 5 ஆம் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் அறுந்தது தெரிந்துவிடும். இத்தகைய செட்டுகளில் சேஸிஸே மெயின்ஸின் ஒரு வயரோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) சேஸிஸுக்கு வந்துவிடும். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மின்சாரம் கொடுத்துக் கை வைக்க வேண்டாம்.

கிராமத்தில் மாலை நேரம் 200 வோல்ட்தான் வருகிறது என்று ரெசிஸ்டரைக் குறைப்பவர்களும் உண்டு. நள்ளிரவில் 240 ஏறும்போது நான்கு வால்வும் சேர்ந்து அதிகம் சுடும். ஸ்டெபிலைசர் வைப்பதே சரி.