இறைச்சிக்கூடத்தில் ஒட்டுண்ணி தொற்றாமல் வேலை செய்வது எப்படி?

ஆட்டு ஈரலில் வெள்ளையாகப் புடைத்த நீர்க்கட்டியைக் கண்டால் பலரும் கையை இழுத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் கட்டியைத் தொடுவதால் நோய் வராது. ஆபத்து வாசலில் காத்திருக்கும் நாயிடம் இருக்கிறது. கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, சுமார் 6 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அந்த முட்டை நாயின் ரோமத்திலிருந்தோ தரையிலிருந்தோ நம் கைக்கு வந்து வாய்க்குள் போனால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வளரும். ஆண்டுக்கணக்கில் வலிகூடத் தெரியாது.

ஆகவே, கட்டியுள்ள உறுப்பைக் கத்தியால் குத்தாமல் முழுதாக எடுத்து மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். எரிப்பது நல்லது. முடியாவிட்டால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கவும். அதற்கும் வழியில்லையென்றால் கொதிநீரில் 30 நிமிடம் வேகவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். ஒரு துண்டைக்கூட நாய்க்குப் பச்சையாக வீசாதீர்கள். வளர்ப்பு நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதானால் பிராசிகுவாண்டல் உள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்; எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது.

அடுத்தது குடல். வயிற்றைத் திறக்கும் முன் ஆசனவாயைச் சுற்றி அறுத்து, மலக்குடலைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பையை மாட்டி இறுக்கிக் கட்டவும். உணவுக்குழாயையும் கட்டவும். வயிற்றைக் கீறும்போது கத்தியின் பிடி உள்ளேயும் கூர்ப்பக்கம் வெளியே பார்த்தபடியும் இருக்கட்டும், குடல் கிழியாது. அப்படியும் சாணம் சிந்திவிட்டால் உடனே குழாயைப் பீய்ச்சாதீர்கள். துளிகள் தெறித்து முகத்தில் படும். முதலில் வழித்து அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். கன்று, குட்டிகளின் சாணத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி அதிகம். ஆல்கஹால் சானிடைசரும் வழக்கமான அளவு குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு, நகத்தைப் பிரஷால் தேய்த்து, ஓடும் நீரில் 20 விநாடி கழுவுவதே வழி. வெற்றிலை, பீடி, தேநீர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று வேலையில் இருக்கையில் மற்றது 82 டிகிரி சுடுநீரில் கிடக்கட்டும். ரத்தத்தைக் கழுவிவிட்டே முக்கவும். இல்லையேல் அது வெந்து அலகில் ஒட்டிக்கொள்ளும்.

கர்ப்பிணியின் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது; பார்க்க நல்ல இறைச்சியிலும் இருக்கும். விரல் வெட்டுப்பட்டால் சோப்பால் கழுவி, நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, மேலே கையுறை போடுங்கள். கண்ணில் தெறித்தால் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; முன்பு தொற்று வராதவர் என்றால் பச்சை இறைச்சி வேலையிலிருந்து கட்டாயம் மாற்றப்பட வேண்டும்.

பன்றி இறைச்சியைப் பச்சையாக ருசி பார்க்கவே கூடாது. அதில் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். உங்கள் மலத்தில் தட்டையான வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அது பன்றி நாடாப்புழுவானால், கை வழியாக அதன் முட்டை வாய்க்குள் போய் மூளையில் கட்டி உண்டாகலாம்.

வயிற்றுப்போக்கு ஒரு வாரம் தாண்டினால் செய்யும் வேலையைச் சொல்லி, கிரிப்டோஸ்போரிடியத்துக்குத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் பெரும்பாலும் அதைத் தேடுவதில்லை.