வைக்கோல் கட்டுச் சுவரில் ஒரு சாமான் அறை: குமரி மாவட்ட மழைக்கு ஏற்றபடி

மண்வெட்டி, சாக்கு, உரித்த தேங்காய் வைக்க உள்ளளவு 9 × 6 அடி உள்ள அறை போதும். வெளியளவு 12 × 9. சுவரின் கனமே 1½ அடி என்பதால் இந்த வித்தியாசம்.

எந்த வைக்கோல்?
கும்பப்பூ (குமரியின் இரண்டாம் நெல் போகம்) அறுவடை வைக்கோல். மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடைக்கும், ஜூன் மழைக்குள் சுவரைப் பூசி முடிக்கவும் நேரம் இருக்கும். முதல் போகமான கன்னிப்பூ வைக்கோலை எடுத்தால் வேலை பாதியில் நிற்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும்.

உருளைக் கட்டு அடுக்க ஆகாது. சதுரக் கட்டு போடும் பேலர் வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீளம் 3 அடி, அகலம் 1½ அடி, உயரம் 14 அங்குலம் என்பது வழக்கமான அளவு. ஒன்றிரண்டு அங்குலம் மாறும், அதனால் கட்டை அளந்த பிறகே வாணம் தோண்டுங்கள். ஒரே அளவுக் கட்டுகளில் ஒன்று மட்டும் கனத்தால் உள்ளே ஈரம். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். புழுங்கல் வாடையோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் ஒதுக்குங்கள். நெல்மணி தங்கிய கட்டு எலியைக் கூப்பிடும். ஒற்றைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் குலையாத கட்டே சுவருக்கு உதவும்.

வரிசைக்கு 12 கட்டு, 6 வரிசை: 72. கதவுக்கு 5 போனால் 67. கழிவுக்கும் சேர்த்து 75 வாங்குங்கள்.

அடித்தளம்
கருங்கல் கட்டு தரைக்கு மேல் 1½ அடி, அகலமும் 1½ அடி. சுவரைவிட வெளியே நீட்ட வேண்டாம். நீட்டினால் வடியும் தண்ணீர் அந்தத் திண்டில் தங்கிக் கட்டுக்குள் ஏறும். கல்லின் மேல் தகரம் விரித்து, இரு ஓரத்தையும் 2 அங்குலம் கீழே மடக்குங்கள். கறையான் மறைவாக ஏற முடியாது, மண்கோடு போட்டால் கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் இரண்டு மரச்சட்டங்களை நீளவாக்கில் வைத்து, நடுவில் சல்லி நிரப்புங்கள்.

முதலில் கூரை
சுவருக்குப் பிறகுதானே கூரை என்பார் கொத்தனார். இங்கே மாற்றித்தான் செய்ய வேண்டும். சுவரை விட்டு 1 அடி தள்ளி 6 தூண்கள், 2½ அடிக் குழியில் கான்கிரீட் போட்டு. தகரக் கூரை 18 × 15 அடி, அதாவது நாலு பக்கமும் 3 அடி இறவாரம். குலசேகரம் பக்கம் மழை கூடுதல், அங்கே 4 அடி விடுங்கள். முகடு வடக்கு தெற்காகவும், கதவு கிழக்கிலும் இருக்கட்டும். ஆடிக் காற்றோடு வரும் சாரலுக்கு மேற்குச் சுவரில் திறப்பே வேண்டாம். உத்திரத்தைத் தூணோடு இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்குங்கள். 2017 ஒக்கி புயலைப் பார்த்த ஊரில் ஆணியை மட்டும் நம்பக் கூடாது.

அடுக்குவது
முதல் வரிசையில் நீளச் சுவருக்கு 4, குறுக்குச் சுவருக்கு 2. அடுத்ததில் எல்லாச் சுவருக்கும் 3. மூலை தானே பின்னிக்கொள்ளும், மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராது. கதவோரம் அரைக்கட்டு வேண்டும். நீள ஊசியால் இரு பாதிக்கும் புதுக் கயிறு கட்டி இறுக்கிய பிறகே பழைய கயிற்றை அறுக்க வேண்டும், முந்தினால் கட்டு அவிழ்ந்து குவியலாகிவிடும். இரண்டு அடிக்கு ஒன்றாக உள்ளும் வெளியும் மூங்கில் நிறுத்தி, சுவரை ஊடுருவிக் கயிறு போட்டு இரண்டையும் இழுத்துக் கட்டுங்கள். மேலே மரச்சட்டம் வைத்து, பேக்கிங் பட்டையால் அடித்தளத்தோடு இறுக்கி, சட்டத்தை உத்திரத்தோடு கம்பியால் பிணையுங்கள். இடைவெளிகளில் சேற்றில் முக்கிய வைக்கோலைத் திணியுங்கள்.

தீ பயம் பூசிய சுவரில் குறைவு. உதிர்ந்து கிடக்கும் வைக்கோலில்தான் அதிகம், அதனால் தினமும் பெருக்குங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

பூச்சு
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். விரிசல் வழியே புகுந்த தண்ணீரை அது வெளியே விடாது, உள்ளே வைக்கோல் மக்கும். முதலில் களிமண் கரைசலைக் கையால் அழுத்தித் தேயுங்கள். அது காய்ந்ததும் களிமண் 1, மணல் 3, அங்குல நீளத்தில் நறுக்கிய வைக்கோல் சேர்த்து ஓர் அங்குலக் கனம். வெளிப்பக்கம் கடைசியாக, இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு 1, மணல் 3. சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். வெயில் நேரே பட்டால் பொரிந்து உதிரும்.

இறவாரத் தண்ணீர் விழும் இடத்தில் 2 அடி அகலத்துக்குச் சல்லி பரப்பினால், சேறு தெறித்துச் சுவரடி நனையாது.