இராமேசுவரம் கோயிலை நடந்து பார்க்கும் முறை

இராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈர உடையோடு 22 தீர்த்தங்களையும் ஓட்டமாகச் சுற்றி, தரிசனத்தை முடித்த கையோடு தனுஷ்கோடிக்கு வண்டியேறிவிடுகின்றனர். தீர்த்தமாடுவதைக் காலைக்கும் பிரகாரம் பார்ப்பதை மாலைக்கும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஒரே வேளையில் இரண்டையும் செய்ய முயல்வோர் தூண்களைப் பார்ப்பதேயில்லை.

ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுவோர் விடியற்காலை 5 மணிக்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, சில நிமிட நடைத் தொலைவில் உள்ள அக்னி தீர்த்தத்திலிருந்து தொடங்கலாம். அலை அதிகமில்லாத இந்தக் கடலில் நீராடிய பின், கோயிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிப்பது வழக்கம். கிணற்று மேட்டில் நின்று வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். தரையெங்கும் வழுக்கும் என்பதால், முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்க. ஈர உடையுடன் கருவறைப் பக்கம் செல்ல அனுமதியில்லை. மாற்றுத் துணி அவசியம்.

சன்னதியில் முதல் வழிபாடு, அனுமன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விசுவநாதருக்கே உரியது. அதன் பிறகே, சீதை மணலால் பிடித்ததாகத் தலபுராணம் கூறும் இராமநாதரை வணங்குவர். பர்வதவர்த்தினி அம்மன் சன்னதி சுவாமிக்கு வலப்புறம் உள்ளது.

மாலையில் கிழக்கு வாசல் வழியாகவே மீண்டும் நுழைந்து, சுதையாலான பெரிய நந்தியைப் பார்த்துவிட்டு, மூன்றாம் பிரகாரத்தை வலமாகச் சுற்றத் தொடங்குங்கள். இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் உருவான இந்தப் பிரகாரத்தில் 1212 தூண்கள் இருப்பதாகக் கணக்கு. தூண்கள் தரையிலிருந்து நேரே எழாமல், இருபுறமும் உயர்ந்த மேடைகளின்மீது நிற்கின்றன. அதனால் நடப்பவர் கண்ணுக்கு நடைபாதை ஆழமாகவும் விதானம் இன்னும் உயரமாகவும் தோன்றும். கிழக்கு மேற்காக ஓடும் தெற்குப் பகுதியின் தொடக்கத்தில், நடுப்பாதையில் நின்று, இரு வரிசைகளும் தொலைவில் ஒன்றையொன்று நெருங்கிச் சிறுத்துப் போவதைப் பாருங்கள். கைப்பேசிக்கு அனுமதியில்லாதது இந்த இடத்தில் ஒரு வசதி என்றே சொல்வேன்.

மேற்குப் பிரகாரமும், மேற்குக் கோபுரத்திலிருந்து சேதுமாதவர் சன்னதிக்குச் செல்லும் வழியும் சந்திக்கும் இடம் சொக்கட்டான் மண்டபம். சொக்கட்டான் என்னும் பழைய தாய ஆட்டத்தின் பலகையைப்போல் நான்கு திசைக்கும் கிளை விரிந்திருப்பதால், இங்கே திசை தவறுவது எளிது. சேதுமாதவரைத் தரிசித்துவிட்டு, இதே மண்டபத்துக்குத் திரும்பி வடக்கு நோக்கித் தொடரவும்.

சுற்று முடிந்ததும் கிழக்கு வாசல் வழியே வெளியேறலாம். நடக்கத் தெம்புள்ளவர்கள் நான்கு ரத வீதிகளையும் ஒருமுறை சுற்றினால், கோபுரங்களின் உயர வேறுபாட்டையும் மதிலின் நீளத்தையும் வெளியிலிருந்து காணலாம். இராமர் பாதம் உள்ள கந்தமாதன பர்வதம் நடைக்குச் சற்றுத் தொலைவு. அதற்கு ஆட்டோவே ஏற்றது.