நீஸ் சந்தையில் ஒரு காலை: நிதானமாகச் சுற்றி, வயிறாரச் சாப்பிட

பிரான்சின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது நீஸ். அங்கே பழைய நகரத்தில்தான் கூர் சலேயா சந்தை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் உண்டு. திங்கட்கிழமை போனால் பழம்பொருள் கடைகள்தான் இருக்கும்.

துணிப்பை, சில்லறை யூரோ, நிறைய டிஷ்யூ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நெரிசலில் சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். 9 மணிக்கே போய்விடுவது நல்லது. மதியம் 1 மணி தாண்டினால் கடைகளைக் கட்டத் தொடங்குவார்கள்.

முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பார்த்துவிட்டு, பழக்கடைக்கு வாருங்கள். நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நம் ஊர் மாதிரி பழத்தை எடுத்து அமுக்கிப் பார்க்கக் கூடாது. "போன்ஜூர்" சொல்லாமல் விலையும் கேட்கக் கூடாது. வணக்கம் சொல்லி, என்ன பழம் என்று காட்டி, எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "பூர் ஓஜுர்துய்" என்றால் இன்றைக்கு. "பூர் தமேன்" என்றால் நாளைக்கு. கடைக்காரர் முலாம்பழத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பார், முகர்வார், காம்போரம் விரலால் லேசாக அழுத்துவார், அந்த நாளுக்குப் பழுத்ததைத் தருவார். தயங்காமல் வாங்கலாம். சந்தையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இது.

சரி, இப்போது சொக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டச் செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். ஓரம் கருகி மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். இத்தாலியின் ஜெனோவாவில் இதே பண்டத்துக்கு ஃபரினாட்டா என்று பெயர். 1860 வரை நீஸ் சார்டினியா அரசின் கீழ் இருந்த ஊர் என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை. தட்டில் ஆறிக் கிடப்பதை வாங்காதீர்கள், அடுத்த தட்டு வரும்வரை நில்லுங்கள். மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி, கையாலேயே சாப்பிடுங்கள்.

பசி மிச்சமிருந்தால் ஒரு பான் பன்யா: வட்ட ரொட்டிக்குள் தக்காளி, முள்ளங்கி, முட்டை, சூரை மீன் அல்லது நெத்திலி, ஆலிவ் எண்ணெய். எண்ணெயும் தக்காளிச் சாறும் ரொட்டியில் ஊற வேண்டும். அதனால் பொட்டலமாகவே வாங்கிக்கொண்டு பக்கத்துக் கோட்டைக் குன்றின்மேல் ஏறிச் சாப்பிடுங்கள். லிஃப்ட் இருக்கிறது.

பிற்சேர்க்கை: சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே எதைச் சாப்பிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். சொக்காவில் கவலையில்லை. பிசலாதியேர் வெங்காய ரொட்டி போலத் தெரிந்தாலும் அதில் நெத்திலி உண்டு. கீரையும் உலர்திராட்சையும் வைத்த இனிப்புப் பண்டமான தூர்த் த பிளெத்தில் முட்டை சேர்ப்பது வழக்கம், சிலர் ரம்மும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.